பங்கு வைக்காத ஓதல்

ரஹ்மத்துன்னிசா வந்து உட்கார்ந்துவிட்டால் மத்தியானச் சோற்றுக்கு முன்பே கத்தம் முடிந்துவிடும் என்று போடியில் அவள் தெருப் பெண்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. ஒரு வீட்டில் மவுத்து விழுந்தால், மூன்றாம் நாளோ நாற்பதாம் நாளோ பெண்கள் கூடி குர்ஆனை முழுக்க ஓதி, அந்த நன்மையைப் போனவருக்குச் சேர்ப்பிப்பார்கள். அதுதான் கத்தம். முழு வேதத்தையும் ஒருத்தியே ஓதுவதென்றால் லேசில் முடியாது. அதனால் அதன் முப்பது பாகங்களையும் முப்பது மெல்லிய புத்தகங்களாகத் தைத்து, ஒரு தகரப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். பெட்டி வீடு வீடாகப் போகும். ஆளுக்கொரு புத்தகம் எடுத்துக்கொண்டு எல்லாரும் ஒரே நேரத்தில் ஓதத் தொடங்கினால், நெய்ச்சோறு தம்மில் இருக்கும்போதே வேதம் முழுசும் முடிந்திருக்கும்.

மற்றவர்கள் ஒரு புத்தகத்தை முடிப்பதற்குள் ரஹ்மத்து இரண்டை முடித்துவிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டுவாள். எப்போதும் பெட்டியின் அடியில் கிடக்கும் கடைசிப் புத்தகங்கள்தான் அவளுக்கு. மதரஸாவில் பிள்ளைகளுக்கு முதலில் மனப்பாடம் பண்ண வைப்பது வேதத்தின் கடைசியில் இருக்கும் சிறிய அத்தியாயங்களை. அவை அவள் நாக்கிலேயே இருந்தன. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வதெல்லாம் ஒரு மரியாதைக்கு. வாய் அது பாட்டுக்கு ஓடும். மனசு விடிகாலை ஜீப்பு, வீட்டுக்காரரின் முட்டிக்குத் தைலம், குழாயில் தண்ணீர் வரும் நாள் என்று வேறெங்கோ அலையும். முடிந்ததும் புத்தகத்தை முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, யாரிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று சுற்றிலும் பார்ப்பாள். அல்லாஹ் இதைக் கேட்டானா என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. கொடுத்த வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

வேலை என்றால் அவளுக்கு ஏலக்காய் பொறுக்குவது. கல்யாணமாகி வந்த வருசத்திலிருந்து அதே சோலி. காய்ந்த காயைத் தட்டில் பரப்பி, வெடித்ததைத் தனியாக, பச்சை மங்கியதைத் தனியாக, காம்பு நீங்காததைத் தனியாகப் பிரித்துத் தள்ள வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதில் கழுத்து மரத்துப்போகும். வீட்டுக்காரர் அப்துல் அஜீஸ் ஒருகாலத்தில் போடிமெட்டில் டீக்கடை வைத்திருந்தார். முட்டி இரண்டும் போனபிறகு வாசல் கட்டிலில் உட்கார்ந்து வருகிற போகிறவர்களுடன் பேசுவதுதான் அவருடைய வேலை. சம்பாத்தியம் ரஹ்மத்துடையது. அலுப்பும் அவளுடையதுதான்.

ஏலக்காய்க் கோடவுனில் அவளுக்குப் பக்கத்துத் தட்டு சைத்தூன் பீவியுடையது. வயதில் மூத்தவள். சின்னப் பிள்ளையிலேயே தாய் தகப்பனோடு மலைத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்விட்டதால் மதரஸா வாசலையே மிதிக்காதவள். கத்தம் நடக்கும் வீடுகளில் அவளுக்குப் புத்தகம் கிடையாது. தண்ணீர் கொடுப்பாள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள், மற்ற நேரமெல்லாம் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். போன சித்திரையில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. ஆடி பிறப்பதற்குள் படுத்த படுக்கையாகிவிட்டாள்.

ஒருநாள் வேலை விட்டு வரும் வழியில் ரஹ்மத்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்து யாசீன் அத்தியாயத்தை ஓதினாள். பாதியில் சைத்தூன் கையை உயர்த்தினாள்.

“என்னக்கா, தண்ணி வேணுமா?”

“நீ ஓதுறது மேட்டுல இருந்து இறங்குற ஜீப்பு கணக்கா இருக்குடி. நானும் கை காட்டிக் காட்டிப் பாக்குறேன். நீ நிப்பாட்டவே மாட்டேங்குற.”

ரஹ்மத்துக்குச் சிரிப்பு வந்தது. “சோலி கிடக்குல்லக்கா. போயி அந்த மனுசனுக்குச் சோறு வடிக்கணும்.”

“ஒரு நேரம் பட்டினி கிடந்தா செத்தா போயிருவாரு? நானே இன்னும் சாகல.”

அடுப்படியில் சைத்தூனின் மகள் ரமீஸா பாத்திரம் விளக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“ரஹ்மத்து, நான் மவுத்தாப் போனா அந்தப் பெட்டியத் தூக்கிட்டு வந்து பங்கு வைக்காதீங்க. நீ ஒருத்தியே ஓது. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும். நாப்பதுக்குள்ள ஓதிரு.”

“நான் ஒருத்தியாவா?”

“நீ எப்பவும் பெட்டிக்கு அடியில கிடக்குறதத்தான எடுக்குற. மத்ததெல்லாம் உன் வாயில எப்படி இருக்கும்னு நான் கேட்டதே இல்லடி. இத்தன வருசம் பக்கத்துப் பக்கத்துல உக்காந்துருக்கோம். கேக்காமலே போறேன்.”

“சரிக்கா. ஓதிர்றேன்.” ஊரிலிருந்து வரும்போது ஏதாவது வாங்கி வரச் சொன்னால் சொல்வதுபோலத்தான் ரஹ்மத்து சொன்னாள். கதவோரம் வந்து நின்ற ரமீஸா அதைக் கேட்டாள்.

அடுத்த வெள்ளியைச் சைத்தூன் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், விடியல் தொழுகைக்குப் பின் ரஹ்மத்து பரணிலிருந்து முழு வேதத்தை இறக்கினாள். கல்யாணத்தின்போது தாய்வீட்டில் கொடுத்தது. பச்சைத் துணிச் சுற்று அவிழ்க்கவே கடினமாக இருந்தது. முதல் பாகங்கள் ஓடின. பிறகு ஓர் இடத்தில் நாக்கு நின்றது. கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தாள். எழுத்து தெரிகிறது, சொல் வரவில்லை. அடுத்த வரியும் அப்படித்தான். அடுத்த பக்கமும்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மதரஸாவில் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் அவள் இருந்தாள். பெரியவளானதும் அம்மா நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு கத்தங்கள்தான். கத்தங்களில் கடைசிப் புத்தகங்கள்தான். நடுவில் உள்ளதையெல்லாம் யார் யாரோ ஓதினார்கள். முடிந்தது, முடிந்தது என்று அவளும் அவர்களோடு சேர்ந்து கை ஏந்தியிருக்கிறாள். எத்தனையோ தடவை வேதத்தை முடித்தவள் என்று தெரு சொன்னது, அவளும் அப்படியே நம்பியிருந்தாள். அந்தப் பக்கங்களின் மேல் அவள் விரல் பட்டதே இல்லை.

யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் கூச்சம். மதரஸாப் பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். லாம் எழுத்துக்கு மேலே ஸபர் கோடு போட்டால் ல, கீழே ஸேர் கோடு போட்டால் லி. உலை வைத்துவிட்டு உட்கார்ந்தால் சோறு வெந்து வடிகிற நேரத்தில் ஒரு பக்கம் போனது.

வாசல் கட்டிலில் இருந்து அஜீஸ் குரல் கொடுத்தார். “என்ன, புதுசா ஓதிப் படிக்கிறவ மாதிரி இழுக்குற?”

“இழுக்கத்தான் வருது.”

“பேசாம மொபைல்ல போட்டு விடு. ஒரு நாள்ல மொத்தமும் ஓடிரும். பக்கத்துல உக்காந்து கேட்டுக்க.”

“நான் ஓதுறேன்னு சொன்னேன். மொபைலு ஓதும்னு சொல்லல.”

“சைத்தூன் வந்து உங்கிட்டக் கேக்கவா போகுது?”

“சைத்தூன் மட்டுந்தான் கேக்குதா?” என்றாள் ரஹ்மத்து. சொல்லி முடித்தபிறகு, இதை நாமா சொன்னோம் என்று அவளுக்கே இருந்தது.

காய் வரத்து கூடும் காலம் அது. வருசாவருசம் போல முதலாளி பொறுக்குகிற பெண்களை மலைமேல் உள்ள ஸ்டோருக்கே வரச் சொல்லிவிட்டார். பறித்த காயைப் போட்டு உலர்த்தும் கட்டடத்தைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். இருட்டோடு ஜீப்பு ஏற வேண்டும். வளைவுக்கு வளைவு ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்து, மெட்டைத் தாண்டி, பனியில் போய் இறங்க வேண்டும். ஜீப்பில் ஓதலாம் என்று ரஹ்மத்து முதல் நாள் வேதத்தைத் துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு வளைவிலேயே குமட்டியது. மூடி வைத்துவிட்டாள்.

ஸ்டோரில் சூப்பர்வைசருக்கு ஒரே சொல்தான் தெரியும். “சேச்சி, வேகம், வேகம்.” ஜீப்பு டிரைவருக்கும் அதே சொல். வீட்டுக்கு வந்தால் அஜீஸும் “வெரசா ஒரு டீ போடு” என்பார். காலையில் கண் விழித்ததிலிருந்து யாராவது ஒருவர் அவளை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் நாற்பதுதான் அவளை எல்லாரையும்விட அதிகமாகத் தள்ளியது. வேதத்தில் தாண்டியதைவிடத் தாண்டாதது தடிமனாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில், உறைந்துபோகிற மாதிரி இருக்கும் தண்ணீரில் முகம் கைகால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டு, காய் உலர்த்தும் அறையின் வெளிச்சுவரில் சாய்ந்து உட்காருவாள். உள்ளேயிருக்கும் சூட்டுக்குச் சுவர் இதமாக இருக்கும். கூட வேலைசெய்யும் ராக்கு தூக்குச்சட்டியோடு பக்கத்தில் வந்து குந்துவாள். சிலமலை ஊர்க்காரி. வாய் ஓயாது.

“என்ன பாயம்மா, இன்னும் அதே பக்கமா? நேத்தும் இந்தப் பூப்போட்ட ஓரந்தான இருந்துச்சு.”

“எல்லாப் பக்கத்துலயும் இந்த ஓரந்தான் ராக்கு.”

“அப்பச் சரி. நானும் தூங்குறியளோன்னு பாத்தேன்.”

“தூங்கவுந்தான் செய்றேன்.”

“தூங்குங்க. அந்தாளு வந்தா நான் இருமுறேன்.”

அன்றைக்கு அவள் தூங்கித்தான் போனாள். ஒரு சொல்லைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே கண் செருகிவிட்டது. விழித்தபோது விரல் அதே எழுத்தின் மேல் இருந்தது. அசதியில் தூங்கி விழித்தால் வழக்கமாக நெஞ்சு அடித்துக்கொள்ளும். யார் பார்த்தார்கள், யார் ஏசப்போகிறார்கள் என்று. இப்போது அது வரவில்லை. எதிரில் ஏலச்செடிகளுக்குள் பனி நுழைந்து கொண்டிருந்தது. விட்ட இடத்தில் சொல் அப்படியே இருந்தது. அவள் வரும்வரை யாரோ பொறுத்திருந்த மாதிரி இருந்தது. வேகம் என்று சொல்லாத ஒருவன். அவள் தடுக்கும் இடத்திலெல்லாம் தானும் நிற்கிறவன்.

அப்படி நினைத்ததும் பயமாகிவிட்டது. “தவ்பா, தவ்பா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அல்லாஹ்வை அப்படியெல்லாம் நினைக்கலாமா, அதற்குத் தனக்குத் தகுதி உண்டா என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. கேட்கவும் ஆளில்லை. மறுபடி சொல்லைக் கூட்டினாள். முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. வந்த சொல்லின் பொருள் அவளுக்குத் தெரியவில்லை என்றாலும், அதை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். சைத்தூனுக்காக ஓத வந்தவள், முதல் முறையாகத் தனக்காகவும் ஒரு வரி ஓதிவிட்டதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு வேகம் இன்னும் குறைந்தது. தடுக்கிய வரியைச் சரியாக வரும்வரை விடமாட்டாள். அலுப்பு போகவில்லை. கால் வீங்கியது, கழுத்து வலித்தது, சில நாள் பாதிப் பக்கத்தோடு சரி. ஆனாலும் அந்தச் சுவரோரத்தை நினைத்துக்கொண்டுதான் இருட்டில் ஜீப்பு ஏறினாள்.

ரமீஸா தெருவில் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். “மாமி, எது வரைக்கும் வந்திருக்கு?”

“போயிட்டிருக்குத்தா.”

“கம்பத்துல இருந்து சொந்தக்காரங்கள்லாம் வர்றாங்க மாமி. பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டயும் சொல்லிட்டேன், எங்கம்மாவுக்கு ஒத்த ஆளா ஒரு கத்தம் ஓதியிருக்காங்க, அதச் சொல்லி துஆ கேக்கணும்னு.”

ரஹ்மத்து தலையாட்டுவாள். வீட்டுக்கு வந்து வேதத்தை எடுத்து, விரலை ஓடவிட்டு, ஓத வராத பக்கங்களை வெறும் கண்ணால் மேய்ந்துவிட்டால் என்ன என்று ஒருநாள் பார்த்தாள். நாலைந்து பக்கம் அப்படிப் போனது. அவ்வளவு நாளும் பக்கத்தில் இருந்தவன் எழுந்து போய்விட்டதுபோல வெறிச்சென்று இருந்தது. அந்த நாலைந்து பக்கத்தையும் பின்னால் திருப்பி, விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினாள். அந்தச் சாயங்காலமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, நாற்பதுக்குள் முடியாது.

நாற்பதாம் நாள் ரமீஸா வீட்டு உள்ளறையில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஆண்கள் வெளியே பந்தலில். தகரப்பெட்டியை வைத்திருக்கும் மைமூனும் வந்திருந்தாள். பழக்கத்தில் பெட்டியையும் கொண்டுவந்திருந்தாள். ரமீஸா ரஹ்மத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மாமி, ஹஜ்ரத்து கேட்டு விடுறாங்க. கத்தம் ஆயிருச்சுன்னு சொல்லிறவா?”

“ஆகலத்தா.”

ரமீஸாவுக்குப் புரியவில்லை. “இன்னும் எம்புட்டு இருக்கு?”

“பாதிக்கு மேல இருக்கு.”

அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மைமூன்தான் சிரித்தாள். “ரஹ்மத்துக்கே பாதிக்கு மேல கிடக்கா? ஒரு மூச்சுல மூணு புத்தகம் முழுங்குறவ. உடம்புக்கு முடியலையா, இல்ல உன் மாப்ள விடலையா?”

“அவரு ஒண்ணும் செய்யல. எனக்கு ஓத வரல.”

“விடு, இதுக்கு ஏன் முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு.” மைமூன் பெட்டியைத் திறந்தாள். “நீ விட்ட இடத்துல இருந்து ஆளுக்கொண்ணு எடுத்தா சோறு இறங்குறதுக்குள்ள முடிச்சிரலாம். யாரு என்ன சொல்லப் போறா?”

பெண்கள் முன்னால் நகர்ந்தார்கள். உதவி செய்யத்தான் நகர்ந்தார்கள். ரஹ்மத்து பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

“வேணாம் மைமூன்.”

“பின்ன?”

ரஹ்மத்து ரமீஸாவைப் பார்த்தாள். “உங்கம்மா நாப்பதுக்குள்ளன்னும் சொன்னா, நான் மட்டுந்தான் ஓதணும்னும் சொன்னா. ரெண்டுல ஒண்ணுதான்த்தா என்னால ஆகும். நாளு போயிருச்சு. ஓதுறதையாவது அவ சொன்ன மாதிரி ஓதிர்றேன்.”

ரமீஸாவின் கண் நிறைந்துவிட்டது. கோபமும் இருந்தது. “இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மாமி. நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். எங்கம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு.”

“ஆமா. சொல்லியிருக்கணும்.”

“இத்தன நாளா அப்ப என்னதான் ஓதுனீங்க?” என்றாள் ரமீஸா. “ஓதுங்க, கேப்போம்.”

ரஹ்மத்து தோளில் இருந்த பையிலிருந்து வேதத்தை எடுத்து மரப்பலகையில் வைத்தாள். பிரித்து, முந்தின நாள் விட்ட இடத்துக்கு விரலைக் கொண்டுபோனாள். முதல் சொல் வந்தது. இரண்டாவதில் தடுக்கிக் கூட்டினாள். யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. மைமூன் சிரிக்கவில்லை. “அங்க அழுத்தணும் ரஹ்மத்து, எழுத்து மேல ஷத்து இருக்கு பாரு” என்று மெதுவாகத் திருத்தினாள். ரஹ்மத்து திருத்திக்கொண்டாள். அடுத்த வரியில் யாரும் திருத்தவில்லை. வெளியே சோற்றுக் கரண்டி அண்டாவில் உரசிக்கொண்டிருந்தது. அத்தனை பேருக்கு நடுவிலும் ஸ்டோர் சுவரோரம் போலவே இருந்தது அவளுக்கு. அவசரப்படாத அந்த ஒருவன் இங்கேயும் இருந்தான். ஒரு பக்கம் முடிய வெகுநேரமானது.

ரமீஸா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பெட்டியின் மூடியை அவளே இழுத்துச் சாத்தினாள்.

“ஹஜ்ரத்துகிட்ட யாசீனை ஓதி துஆ கேக்கச் சொல்லுங்க” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். “கத்தம் ஓதிக்கிட்டிருக்காங்கன்னு சொல்லிருங்க. முடியலன்னு சொல்லிருங்க.”

அதற்கு மேல் அவள் ரஹ்மத்திடம் எதுவும் பேசவில்லை. விடைபெறும்போது மட்டும் துஆவுக்குப் பின் பங்கிடும் நார்சா இனிப்பில் வீட்டுக்கென்று ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள்.

வீட்டில் அஜீஸ் கட்டிலில் இருந்தபடியே கேட்டார். “ஆச்சா?”

“இல்ல.”

“அங்க என்ன சொன்ன?”

“இல்லன்னுதான் சொன்னேன்.”

அவர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, “இனிப்புக் கொஞ்சம் தூக்கல்” என்றார்.

இப்போதெல்லாம் கத்தம் நடக்கிற வீடுகளில் ரஹ்மத்தை முன்போலத் தேடுவதில்லை. அவள் போனாலும் நடுவில் உள்ள ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு எல்லாரும் முடித்தபிறகும் கூட்டிக்கொண்டிருப்பாள். ஆகிற கதையா இது என்று முணுமுணுப்பார்கள். காய் வரத்து குறைந்து, ஸ்டோர் வேலை நின்று, திரும்பவும் கோடவுனுக்கே போகிறாள். பக்கத்துத் தட்டில் இப்போது ராக்கு.

சாயங்காலத் தொழுகைக்குப் பிறகு வேதத்தை இறக்கி வைத்துக்கொள்கிறாள். எந்த நாளுக்குள்ளும் முடிக்க வேண்டியதில்லை. ஒருநாள் ஒரு பக்கம், ஒருநாள் நாலு வரி. உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும் நாட்களில் துணிச் சுற்றைக்கூட அவிழ்க்காமல் அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அப்போதும் தனியாக இருப்பதாக அவளுக்குத் தோன்றுவதில்லை.

“டீ என்னாச்சு?” என்று கேட்கிறார் அஜீஸ்.

“வர்றேன்” என்கிறாள். உடனே எழுந்திருக்கவில்லை.